மலைப்பள்ளி இயற்கை மன்றத்துக்கு ஃபோல்ட்ஸ்கோப்: வாங்கலாமா, வாங்கினால் எப்படிப் பயன்படுத்துவது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்கை மன்றம் நடத்துகிறீர்கள் என்றால் ஃபோல்ட்ஸ்கோப் என்ற, மடித்துப் பொருத்தும் காகித நுண்ணோக்கியை வாங்குங்கள். மூன்றாம் வகுப்பு என்றால் பிள்ளைகளின் கைப்பழக்கத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வேண்டவே வேண்டாம். அந்த வயதுக்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கட்டைவிரல்களையும் தனித்தனியாக அரை மில்லிமீட்டர் நகர்த்துவது ஆறு வயதுக்குக் கைவராது. இரண்டு நிமிடத்தில் "எனக்குத் தெரியல மிஸ்" என்று வைத்துவிடுவார்கள்.

இந்தக் காகித நுண்ணோக்கியை உருவாக்கியவர்கள் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும். அதை விவரிக்கும் ஆய்வுக் கட்டுரை 2014இல் வந்தது. உதிரிகளுக்கான செலவு ஒரு டாலருக்குள் அடங்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த இலக்கு. நம் கைக்கு வரும்போது, பெட்டிக்குள் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துச் சில நூறு ரூபாயிலிருந்து விலை தொடங்குகிறது. வெறும் கருவி மட்டும் உள்ள மொத்தக் கட்டு வாங்குவதே பள்ளிக்கு லாபம். தகரப்பெட்டி, இடுக்கி, வடிகட்டி எல்லாம் சேர்ந்த அலங்காரப் பெட்டி ஒன்றே ஒன்று ஆசிரியருக்கு இருந்தால் போதும்.

தொடக்கப்பள்ளிக்கு இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் என்ற அறிவியல், கணித மன்றம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கானது. ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு என்ன மன்றம் நடக்கும் என்பது அந்தந்தப் பள்ளி ஆசிரியரின் விருப்பத்தைப் பொறுத்தது. பெரும்பாலும் ஓவியம், பாட்டு, சதுரங்கம் என்று நின்றுவிடும். சோலைக்காட்டையும் தேயிலைத் தோட்டத்தையும் தினமும் தாண்டி வரும் பிள்ளைகளுக்கு அதற்குள்ளே இருப்பதைப் பார்க்க ஒரு கருவி இல்லை என்பது பெரிய குறைதான்.

சரி, ஆய்வகத்தில் இருக்கும் வழக்கமான நுண்ணோக்கி ஒன்றை வாங்கிவிட்டால் என்ன? கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பது பிள்ளைகள், நாற்பது நிமிடப் பாடவேளை. ஸ்லைடு, அதாவது பொருளை வைத்துப் பார்க்கும் கண்ணாடித் துண்டு, தயாரிக்கப் பத்து நிமிடம் போனால் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் கிடைக்கும். அந்த ஒரு நிமிடத்தில் குவியத்தை (ஃபோகஸை) கலைத்துவிட்டால் அடுத்தவருக்கு அதுவும் இல்லை. வழக்கமான நுண்ணோக்கி 400 மடங்கு வரை காட்டும், படமும் அகலமாகத் தெரியும். அதில் சந்தேகமில்லை. ஆனால் அது ஆசிரியர் காட்ட, பிள்ளைகள் வரிசையில் நின்று எட்டிப்பார்க்கும் கருவி. மன்றத்துக்கு வேண்டியது பிள்ளைகளே தேடிப் பார்க்கும் கருவி. இருபது பேருக்குப் பத்து ஃபோல்ட்ஸ்கோப் என்பது சரியான கணக்கு. இருவருக்கு ஒன்று, ஒருவர் பார்க்க, மற்றவர் வரைய. ஆளுக்கொன்று கொடுத்தால் ஆசிரியரால் இருபது குவியத்தையும் சரிபார்க்க முடியாது.

கருவியின் உயிர் அதிலுள்ள கண்ணாடிக் குண்டு, அதுதான் லென்ஸ். விட்டம் 2.4 மி.மீ. அவ்வளவு சிறிய குண்டின் குவியத் தூரம் ஏறக்குறைய 1.76 மி.மீ. கண் தெளிவாகப் பார்க்கும் மிகக் குறைந்த தூரமான 250 மி.மீட்டரை அதனால் வகுத்தால் சுமார் 140. பெட்டியில் 140 மடங்கு என்று போட்டிருப்பது இதைத்தான். இரண்டு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்டும் என்கிறார்கள். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அளவு புரியும்.

இந்தக் கணக்கில் ஆசிரியர் மறக்கக் கூடாத எண் வேறொன்று. 1.76 மி.மீ. என்பதைக் குண்டின் நடுவிலிருந்து அளக்க வேண்டும். அதில் 1.2 மி.மீ. குண்டுக்குள்ளேயே போய்விடும். ஆக, குண்டின் மேற்பரப்புக்கும் பார்க்கும் பொருளுக்கும் இடையே கிடைப்பது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கண்ணாடி ஸ்லைடின் கனம் சுமார் 1 மி.மீ. அதனால் ஸ்லைடைத் தலைகீழாக, பொருள் இருக்கும் பக்கம் லென்சை விட்டு விலகி இருக்கும்படி செருகினால் எவ்வளவு நகர்த்தினாலும் தெளிவு வராது. வகுப்பில் "கருவி வேலை செய்யல" என்ற புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள். பொருளும் டேப்பும் இருக்கும் பக்கம் லென்சைப் பார்த்திருக்க வேண்டும். ஸ்லைடின் ஒரு மூலையில் அந்தப் பக்கத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் தகராறு தீர்ந்தது.

பொருத்துவதற்குப் பெரியவருக்குப் பத்து நிமிடம் ஆகும், பிள்ளைகளுக்கு ஒரு பாடவேளை முழுதும் வேண்டும். அதை அவசரப்படுத்த வேண்டாம், பொருத்துவதே முதல் நாள் செயல்பாடு. தாள் நனையாத, எளிதில் கிழியாத செயற்கைத் தாள் என்பதால் தைரியமாக மடிக்கலாம். அச்சடித்த தாளிலிருந்து உறுப்புகளைப் பிரிக்கும்போது இழுக்காமல், துளைக்கோட்டில் இருபுறமும் அசைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் அழுத்தி நீவ வேண்டும். மடிப்பு தொளதொளவென்று இருந்தால் பிறகு குவியம் ஓரிடத்தில் நிற்காமல் நழுவும். லென்ஸ் தன் இடத்தில் சாயாமல் முழுதாக உட்கார வேண்டும். சாய்ந்திருந்தால் படத்தின் ஒரு பாதி தெளிவாகவும் மறுபாதி மங்கலாகவும் இருக்கும். பொருத்தி முடித்ததும் லென்சை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வட்டமான, சீரான ஒளி தெரிந்தால் சரி. பிறைபோலத் தெரிந்தால் மேல்தாளும் கீழ்த்தாளும் நேர்க்கோட்டில் இல்லை.

பார்க்கும் முறைக்கும் பழக்கம் வேண்டும். கருவியை இரு முனைகளிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, புருவம் தாளைத் தொடும் அளவுக்குக் கண்ணருகே கொண்டுபோக வேண்டும். தூரத்தில் வைத்துப் பார்த்தால் சின்னதாக ஒரு வெளிச்சப் புள்ளிதான் தெரியும், பிள்ளைகள் அதையே விடையாக எடுத்துக்கொள்வார்கள். கட்டைவிரல்களை மேலும் கீழும் இடமும் வலமும் நகர்த்தினால் பார்க்கும் இடம் மாறும். குவியத்துக்கான பட்டையை மெல்ல நகர்த்தினால் இடைவெளி கூடிக் குறையும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யவிடாதீர்கள், முதலில் குவியம், பிறகு தேடல். கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போட்ட பிள்ளை அதைக் கழற்றிவிட்டுப் பார்க்கலாம், குவியத்தைச் சற்று மாற்றினால் தெளிந்துவிடும்.

முதல் பொருளாக எதைக் கொடுப்பது என்பது முக்கியம். பலர் வெங்காயத் தோலில் தொடங்குகிறார்கள், பாடப்புத்தகப் பழக்கம். அதன் செல் சுவர்கள் மெலிந்து வெளுத்திருப்பதால், எதைத் தேடுகிறோம் என்று தெரியாத பிள்ளைக்கு ஒன்றும் பிடிபடாது. செத்த ஈயின் இறக்கையில் தொடங்குங்கள். நரம்புகள் கறுப்பாக, முடிகள் ஊசியாக நிற்கும். குவியம் வந்துவிட்டதா என்பதில் சந்தேகமே வராது. ஜன்னல் விளிம்பில் எப்போதும் நாலு ஈ கிடக்கும். இறக்கையை ஸ்லைடில் வைத்து மேலே ஒளிபுகும் செலோ டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டினால் முடிந்தது. பொருளின்மேல் மூடும் மெல்லிய கண்ணாடி கவர் ஸ்லிப் தொடக்கப்பள்ளிக்குத் தேவையில்லை. உடைந்தால் கண்ணுக்குத் தெரியாத சில்லு மேசையில் கிடக்கும்.

ஏமாற்றம் வருவது பெரும்பாலும் பொருளின் கனத்தால். இந்தக் கருவியில் ஒளி பொருளை ஊடுருவி வர வேண்டும். முழு இலையை வைத்தால் கறுப்புதான் தெரியும். தேயிலையின் முற்றிய இலைகள் மேற்புறத்தில் செம்பழுப்பாக மாறியிருந்தால் சிவப்புச் சிலந்திப்பேன் இருக்க வாய்ப்பு. இலையை அப்படியே செருகாமல், மேற்புறத்தில் நடுநரம்பை ஒட்டி டேப்பை வைத்து எடுத்து, அந்த டேப்பை ஸ்லைடில் ஒட்ட வேண்டும். பேன், அதன் உருண்டை முட்டை, உரித்த வெள்ளைத் தோல் மூன்றும் ஒரே டேப்பில் கிடைக்கும். மழைக்காலத்தில் இளம் இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கும் கொப்புள நோயையும் இதேபோல டேப்பில் எடுக்கலாம். 1946இல் தென்னிந்தியத் தோட்டங்களுக்கு வந்த பூசணம் அது. அதன் வித்துகள் (ஸ்போர்கள்) சிறியவை, நீளவாட்டுத் துகள்களாகத்தான் தெரியும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். கொழுந்தின் மொட்டில் உள்ள வெள்ளி முடிகள் எதிர்பாராத அழகு. ஒரு எச்சரிக்கை: மருந்து அடித்த தோட்டத்தில் இலை பறிக்கவே கூடாது. வீட்டில் யாராவது தோட்ட வேலை பார்ப்பவர்கள் இருந்தால் எந்தப் பாத்தியில் எப்போது அடித்தார்கள் என்று கேட்டுக்கொண்டு, பள்ளி வேலி ஓரத்துச் செடிகளில் மட்டும் எடுங்கள். எடுத்ததும் கை கழுவ வேண்டும்.

இலைத்துளைகளைக் காட்ட நிறமில்லாத நகப்பூச்சு போதும். இலையின் அடிப்பக்கத்தில் மெல்லிய ஒரு பூச்சு, பத்துப் பதினைந்து நிமிடம் காயவிடுதல், டேப்பால் உரித்து ஸ்லைடில் ஒட்டல். மூடுபனி நாளில் இரட்டிப்பு நேரம் ஆகும், பாதிக் காய்ந்ததை உரித்தால் நூல் நூலாக வரும். அதனால் பாடவேளை தொடங்குவதற்கு முன்பே பூசி வைத்துவிடுங்கள்.

உருளைக்கிழங்கு நீலகிரிக்குச் சொந்தப் பொருள் போல ஆகிவிட்டது, இந்தக் கருவிக்கும் அது தோதானது. வெட்டிய முகத்தில் பல்குச்சியால் லேசாகச் சுரண்டி ஒரு சொட்டுத் தண்ணீரில் கலக்கினால் மாவுமணிகள் முட்டை வடிவில் மிதக்கும். பெரியவை 100 மைக்ரான் வரை போகும், அதாவது தலைமுடியைவிட அகலம். வெளிர் தேநீர் நிறத்துக்கு நீர்த்த அயோடின் ஒரு சொட்டு விட்டால் நீலக்கறுப்பாக மாறும். அயோடின் அடர்த்தியாக இருந்தால் எல்லாம் கறுத்து வடிவம் மறையும். பக்கத்தில் ஊறவைத்த அரிசியைச் சுரண்டி வையுங்கள். அரிசி மாவுமணி சில மைக்ரான்தான், பொடிப் புள்ளியாகத் தெரியும். ஒரே மாவுச்சத்து, இரண்டு அளவு. ஈரப் பொருளுக்கு ஒரு விதி: சிறு சொட்டு, அதற்கு மேல் டேப். சொட்டு பெரிதானால் ஓரத்தில் கசிந்து லென்சை நனைக்கும்.

உருளை வயல் மண்ணை மட்டும் வகுப்புக்குள் கொண்டுவரச் சொல்லாதீர்கள். உருளையைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1961இல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. குண்டூசித் தலையைவிடச் சிறிய பொன்னிற உருண்டைகளுக்குள் முட்டைகள் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். ஒரு பிள்ளையின் பையில் வரும் மண் இன்னொரு ஊர் வயலுக்குப் போய்ச்சேர வழி திறந்துவிடும்.

பெரணிக்கு ஒரு முழுப் பாடவேளை ஒதுக்குங்கள். இலையின் அடியில் உள்ள பழுப்புத் திட்டுகளைப் பல்குச்சியால் ஸ்லைடில் தட்டினால் வித்துப்பைகள் விழும். ஒவ்வொன்றின் முதுகிலும் தடித்த செல்களால் ஆன வளையம். ஈரம் காய்ந்ததும் அந்த வளையம் பின்னோக்கி வளைந்து, சட்டென்று முன்னால் தெறித்து வித்துகளை வீசும். டேப் ஒட்டாமல், குண்டு பல்பு வெளிச்சத்தில் சில நிமிடம் காட்டிவிட்டுப் பார்த்தால் அந்தத் தெறிப்பை நேரில் பிடிக்கலாம். எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்காது, கிடைத்தவர் போடும் கூச்சலில் மற்றவர்களும் விடாமல் பார்ப்பார்கள்.

மகரந்தத்துக்கு மலையில் இரண்டு மரங்கள் கை கொடுக்கும். சீகை என்று நீலகிரியில் சொல்லும் வாட்டில் மரத்தின் மகரந்தம் தனித்தனியாக இல்லாமல் பதினாறு மணிகள் சேர்ந்த கட்டாக இருக்கும். கொடைக்கானல் பக்கம் பைன் மகரந்தம் கிடைக்கும், இருபுறமும் காற்றுப் பைகளோடு. குன்னூருக்குக் கீழே செம்பருத்தி எளிது, முள்ளுருண்டையாகப் பெரிதாகத் தெரியும். பூவை ஸ்லைடில் தேய்க்காமல் லேசாகத் தட்டுங்கள்.

சுவரில் வளரும் பாசியில் நீர்க்கரடி என்ற எட்டுக்கால் நுண்விலங்கைத் தேடும் ஆசை எல்லோருக்கும் வரும். காய்ந்த பாசித்திட்டு ஒன்றை மழைநீரில் தலைகீழாக இரவு முழுதும் ஊறவைத்து, மறுநாள் பிழிந்து, அடியில் தங்கிய வண்டலில் ஒரு சொட்டு எடுக்க வேண்டும். பெரும்பாலும் கிடைப்பது நூற்புழுவும், ரோட்டிஃபர் என்ற இன்னொரு நுண்விலங்கும். நீர்க்கரடியைக் காட்டுவேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள்.

ஒளியைப் பற்றி. மேகமூட்ட வானம் இந்தக் கருவிக்கு நல்ல வெளிச்சம், எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். அடர்ந்த மூடுபனியிலும் சாயங்காலத்திலும் வெளிச்சம் குறையும்போது, கைப்பேசி டார்ச்சின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி மேசையில் மல்லாத்தி வைத்தால் போதும். வெறும் டார்ச்சைப் பார்த்தால் கண் கூசும், படமும் ஓரம் வெளுக்கும். சூரியனை நோக்கி ஒருபோதும் பிடிக்கக் கூடாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிரில் வெயில் சுகமாகத் தெரிந்தாலும் அதன் கடுமை குறைந்ததல்ல, லென்ஸ் அதைக் கண்ணுக்குள் குவிக்கும். இந்த ஒரு விதியை மீறும் பிள்ளையிடமிருந்து அன்றைக்குக் கருவியை வாங்கிவிட வேண்டும்.

குளிர்காலக் காலையில் இன்னொரு தொல்லை, மூச்சு. கருவி முகத்தை ஒட்டி இருப்பதால் மூச்சுக்காற்று பட்டு லென்ஸ் மூடிக்கொள்ளும். ஆசிரியர் குவியத்தைக் குறைசொல்லிக்கொண்டிருப்பார். சட்டைப்பைக்குள் கருவியை ஐந்து நிமிடம் வைத்து உடல்சூடு ஏற்றியபின் பயன்படுத்தினால் ஆவி படியாது. படிந்தால் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், விரலால் தேய்க்க வேண்டாம்.

மலை ஈரத்தில் விலையுயர்ந்த நுண்ணோக்கிகளின் லென்சில் பூசணம் பிடிப்பது பள்ளி அலமாரிகளில் காணும் வழக்கமான நோய். உள்ளே படர்ந்துவிட்டால் பிரித்துத் துடைக்க ஆள் தேட வேண்டும். ஃபோல்ட்ஸ்கோப்பில் குண்டு வெளியே இருப்பதால் நீங்களே துடைத்துவிடலாம். இந்த ஊருக்கு இது பெரிய வசதி. ஆனால் கருவியில் ஒட்டும் ஒட்டுவில்லைகளின் (ஸ்டிக்கர்களின்) பசை ஈரத்தில் தளரும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் உப்பு இருக்கும், பிள்ளைகள் புழங்கும் இடத்துக்கு ஆரஞ்சு வகையே நல்லது. ஈர ஸ்லைடைச் செருகியபடியே டப்பாவில் போட்டால் அடுத்த வாரம் எடுப்பது பூசணத் தோட்டம்.

கைப்பேசியோடு இணைக்கக் காந்த வளையம் வருகிறது. நான்கைந்து கேமரா உள்ள கைப்பேசியில் முதன்மைக் கேமரா எது என்று விரலால் மறைத்துப் பார்த்துக் கண்டுபிடித்து, அதன்மேல் வளையத்தின் நடுவைச் சரியாகப் பொருத்த வேண்டும். ஆசிரியரின் ஒரு கைப்பேசி போதும், வகுப்புக்கே காட்டலாம். பிள்ளைகள் கண்ணால் பார்த்து வரையட்டும். நோட்டில் வளையலை வைத்து வட்டம் போட்டு, அதற்குள் தெரிந்ததை மட்டும் வரைவது. பக்கத்தில் பொருள், எடுத்த இடம், தேதி. பாடப்புத்தகப் படத்தைப் பார்த்து வரைந்தால் எளிதில் தெரிந்துவிடும், கோடுகள் அளவுக்கு மீறி ஒழுங்காக இருக்கும்.

மன்ற நேரத்தைப் பள்ளி விட்டபின் வைக்க வேண்டாம். பல ஊர்களுக்கு ஒரே பேருந்து, அதை விட்டால் தேயிலைத் தோட்ட வழியில் நடை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் காட்டெருமையும் கரடியும், கூடலூர் பக்கம் யானையும் அந்த நேரத்தில்தான் இறங்கும். வெள்ளிக்கிழமை மதியத்தின் கடைசி இரண்டு பாடவேளை சரி. பொருள் தேடுவதையும் சுற்றுச்சுவருக்குள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்னவற்றில் முக்கால்வாசி பள்ளிச் சுவரிலும் வேலியிலும் கிடைப்பவை.

காந்தங்களைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எண்ணுங்கள். இரண்டு காந்தங்களை விழுங்கினால் அவை குடலைக் கவ்விக்கொண்டு ஆபத்தாகும், தம்பி தங்கை உள்ள வீட்டுக்கு இவை போகவே கூடாது. கருவியை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப நேர்ந்தால் காந்த வளையத்தைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள், கண்ணால் பார்க்க அது தேவையே இல்லை. வாங்கும்போது பத்துக் கருவியோடு ஐம்பது கண்ணாடி ஸ்லைடு, நல்ல ஒளிபுகும் டேப் நான்கு சுருள், பல்குச்சிப் பெட்டி ஒன்று, அயோடின் சிறு புட்டி ஒன்று சேர்த்து எழுதிவிடுங்கள். மலிவான மஞ்சள் டேப் வேண்டாம், அதன் பசைக் குமிழிகளைப் பிள்ளைகள் செல் என்று வரைவார்கள்.